நம் வீட்டின் தாய் உறுதி: கனடாவில் இயங்கும் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவில் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், ஆலய நிர்வாக சபைகள், வார இறுதித் தமிழ்ப் பள்ளிகள் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

கடந்த ஆண்டு ஸ்காபரோவில் ஓர் ஊர்ச் சங்கத்தின் கலைவிழாவுக்குப் போயிருந்தேன். எந்தச் சங்கம் என்பது முக்கியமில்லை. நான் போகிற எல்லா விழாக்களிலும் இதே ஒழுங்குதான். மங்கல விளக்கு ஏற்றினார்கள். கனேடிய தேசிய கீதமும் தமிழ்மொழி வாழ்த்தும் பாடினார்கள். பிறகு போரில் உயிரிழந்தவர்களுக்கு ஒரு நிமிட அகவணக்கம். நானூறு பேர் நிறைந்த மண்டபத்தில் ஒரு கதிரை அரக்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை. எனக்கு முன்னால் நின்ற அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்ததாகப் பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி மேடைக்கு வந்து கைபேசியைப் பார்த்து நில ஒப்புகையை, அதாவது நாம் கூடியிருக்கும் நிலம் எந்தப் பூர்வகுடி மக்களுடையது என்று சொல்லும் வாசகத்தை, ஆங்கிலத்தில் வாசித்தாள். 'அனிஷினாபே'யில் தடுக்கினாள். 'ஹோடெனோஷோனி'யில் நின்றே விட்டாள். அதற்குள் மண்டபம் கதைக்கத் தொடங்கியிருந்தது. ரோல்ஸ் தட்டு வரிசை வரிசையாகப் போனது. பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம் குனிந்து, "பிள்ளை, இது ஆற்ற பேரை வாசிக்கினம்? காசு தந்த ஆக்களோ?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியாது. யாரும் அவருக்குத் தமிழில் சொன்னதில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக வார இறுதியில் தமிழ் படிப்பிக்கிற நானும் சொன்னதில்லை. அன்றிரவு நித்திரை வரவில்லை. இந்த மடலை எழுதத் தொடங்கியது அன்றுதான்.

காணி உறுதி என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஊரில் நாலு பரப்புக் காணி வாங்கவே நொத்தாரிசிடம் போய்த் தாய் உறுதி எங்கே, தோம்பில் யார் பெயர் என்று கிளறாமல் காசை எண்ணிக் கொடுக்க மாட்டோம். அப்படிப்பட்ட நாங்கள், மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் வீடு வாங்கிக் குடிபூரலுக்குப் பால் காய்ச்சியபோது, இந்த மண்ணின் தாய் உறுதியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

இப்போது கேட்போம். ரொறன்ரோ நகரம் எழுந்த நிலத்தை மிசிசாகா என்ற பூர்வகுடி மக்களிடமிருந்து 1787இல் வாங்கியதாக பிரித்தானிய அதிகாரிகள் சொன்னார்கள். சில ஆண்டுகளுக்குப் பின் அந்த உறுதியை எடுத்துப் பார்த்தால் அது வெற்றுத்தாள். நிலத்தின் எல்லைகள் எழுதப்படவே இல்லை. மூன்று தலைவர்களின் குறிகள் தனித்தாளில் போடப்பட்டு அதோடு ஒட்டப்பட்டிருந்தன. அதை நேராக்க 1805இல் இன்னோர் ஒப்பந்தம் செய்தார்கள். இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு அப்போது கொடுத்த விலை பத்து ஷில்லிங். முதல் உறுதி செல்லாது என்ற உண்மையை எதிரே இருந்தவர்களுக்குச் சொல்லவில்லை. இந்தக் கணக்கைத் தீர்க்க 2010 வரை ஆயிற்று. அந்த ஆண்டில்தான் மிசிசாகா மக்களுக்கு 14.5 கோடி டொலர் இழப்பீடு கிடைத்தது.

ஸ்காபரோவின் கதை வேறு. இது 1923இல் ஏழு மிசிசாகா, சிப்பேவா சமூகங்களோடு செய்யப்பட்ட வில்லியம்ஸ் ஒப்பந்தங்களுக்குள் வருகிறது. அந்த ஒப்பந்தத்தைக் காட்டி, தங்கள் காட்டில் வேட்டையாடவும் தங்கள் ஏரியில் மீன் பிடிக்கவும் அவர்களுக்கு இருந்த உரிமையைப் பறித்தார்கள். தாத்தா வலை போட்ட நீரில் பேரன் வலை போட்டால் வழக்கு. 2018இல்தான் மத்திய, மாகாண அரசுகள் 110 கோடி டொலருக்கு மேல் இழப்பீடு கொடுக்க இணங்கி, மன்னிப்பும் கேட்டன. 95 ஆண்டுகள். வலிகாமம் வடக்கில் முட்கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று சொந்த வீட்டுக் கூரையைப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர் இருக்கிறோம். அந்த 95 ஆண்டு எப்படிப் போயிருக்கும் என்று அவர்களுக்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை.

என் மருமகள் 2022இல் குடியுரிமை எடுத்தாள். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் சத்தியப்பிரமாணம் இணையவழியில் நடந்தது. குசினி மேசையில் மடிக்கணினி, சுவரில் சின்னக் கொடி. வலது கையை உயர்த்திச் சொன்னாள். முடிந்ததும் கேட்டாள்: "மாமி, நடுவில ஒரு நீட்டு வசனம் வந்ததே, அது என்ன?" அந்த வசனத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: முதற்குடிகள், இனுவிட், மெட்டி மக்களின் பூர்வகுடி உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் ஏற்று உறுதிப்படுத்தும் அரசியலமைப்பு உட்பட, கனடாவின் சட்டங்களை நேர்மையாகக் கடைப்பிடிப்பேன். 2021 ஜூனில் சட்டமாகிச் சேர்ந்த வார்த்தைகள் இவை. நான் சத்தியம் செய்தபோது இவை இருக்கவில்லை. அவள் செய்த சத்தியத்தின் பொருளை அவளுக்கு விளக்க என்னிடம் அன்று பதில் இருக்கவில்லை.

இந்த வார்த்தைகள் எங்கிருந்து வந்தன? உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2015இல் 94 செயல் அழைப்புகளை வெளியிட்டது. நீதிபதி மரே சின்கிளேர் தலைமையில் ஆறு ஆண்டுகள் நாடெங்கும் போய், பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்திருந்த வதிவிடப் பாடசாலைகளில் இருந்து உயிர் தப்பியவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கேட்டு எழுதிய அழைப்புகள் அவை. அந்தப் பட்டியலின் கடைசி இரண்டும் யாருக்காக எழுதப்பட்டவை தெரியுமா? புதிதாக வந்து குடியேறுகிறவர்களுக்காக. நமக்காக. 94ஆவது அழைப்பு, சத்தியப்பிரமாணத்தை மாற்றச் சொன்னது. மாற்றிவிட்டார்கள். 93ஆவது, குடியுரிமைத் தேர்வையும் கையேட்டையும் திருத்தி, ஒப்பந்தங்களையும் வதிவிடப் பாடசாலைகளையும் முறையாகச் சொல்லச் சொன்னது. என் மருமகள் இரவிரவாகப் பாடமாக்கியது 2009இல் வந்து 2012இல் திருத்திய பழைய கையேட்டைத்தான். அதில் வதிவிடப் பாடசாலைகளுக்கு ஒரு சிறு பந்தி. 'சிலர்' உடல்ரீதியாகத் துன்புறுத்தப்பட்டார்களாம். 1980களோடு எல்லாம் முடிந்ததாம். உண்மையில் 1990களின் பிற்பகுதி வரை அவை நடந்தன. நம்மில் பலர் பியர்சன் விமான நிலையத்தில் வந்து இறங்கிய காலம் அது.

ஏறத்தாழ 1,50,000 பிள்ளைகள். தாய் தகப்பனிடமிருந்து பிரித்து, தலைமயிரைக் கத்தரித்து, பல இடங்களில் பெயருக்குப் பதிலாக எண் கொடுத்து, தாய்மொழியில் ஒரு சொல் பேசினால் அடித்து வளர்த்தார்கள். அரசுக்குத் தெரியாமல் நடந்தது அல்ல. 1907இலேயே சுகாதார அதிகாரி பீற்றர் பிரைஸ், மேற்கிலுள்ள பள்ளிகளில் காசநோயால் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகச் சாவதை அறிக்கையாக எழுதிக் கொடுத்தார். அதற்குப் பிறகு, 1920இல், அந்தப் பள்ளிகளுக்குப் போவது சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது.

சென்ற கோடையில் என் வகுப்புப் பெற்றோர் மூவரோடு பிரான்ட்ஃபோர்டுக்குப் போனேன். நயாகரா போகிற தூரம்கூட இல்லை. மோஹாக் இன்ஸ்டிடியூட் என்ற வதிவிடப் பாடசாலை அங்கே 1970 வரை நடந்தது. அந்தக் கட்டடத்தை இடிக்கக் கூடாது, நடந்ததற்குச் சாட்சியாக அது நிற்க வேண்டும் என்று தீர்மானித்துக் காப்பாற்றியவர்கள் அங்குள்ள பூர்வகுடி மக்களே. அங்கே படித்த பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'மஷ் ஹோல்'. நாள்தோறும் போட்ட கூழை வைத்து வந்த பெயர். மே மாதத்தில் நாம் சிரட்டையில் கஞ்சி ஊற்றிக் கொடுக்கிறோம். உப்பில்லாத அந்தக் கஞ்சி ஏன் என்று பிள்ளைகள் கேட்கும்போது முள்ளிவாய்க்காலைச் சொல்கிறோம். ஓர் உணவு ஒரு மக்களின் நினைவாகிவிடுவது எப்படி என்று நமக்குத் தெரியும்.

கட்டடத்தின் பின்புறத்துக்குப் போனோம். அங்கே சிவப்புச் செங்கற்களில் பெயர்கள். முதலெழுத்துகள். ஆணியாலோ கல்லாலோ கீறியவை. சில எழுத்து நேராக, சில எழுத்து சரிந்து. என் இடுப்பு உயரத்தில் ஒன்று இருந்தது. கீறிய பிள்ளைக்கு எட்டோ ஒன்பதோ வயது இருந்திருக்கும். நான் விரலை வைத்துப் பார்த்தேன். பள்ளத்தின் விளிம்பு இன்னும் கூராக இருந்தது. பள்ளிக்கூட மேசையில் கவராயத்தால் நாமும் பெயர் கீறினோம், வாத்தியாரிடம் அடி வாங்கினோம், பின்னேரம் வீட்டுக்குப் போனோம். இந்தப் பிள்ளை பின்னேரம் வீட்டுக்குப் போகவில்லை. எண்ணால் கூப்பிடப்பட்ட இடத்தில் தன் பெயர் இதுதான் என்று ஒரு கல்லிலாவது இருக்கட்டும் என்று எழுதியிருக்கிறது. என்னோடு வந்த தாய் ஒருத்தி, காணாமல் ஆக்கப்பட்ட தம்பியின் படத்தோடு வவுனியாவில் பந்தலில் இருந்தவள். அவள் அந்தச் சுவரை விட்டு வர நெடுநேரமாயிற்று.

அந்தப் பாடசாலைக்கு அருகே கிராண்ட் ஆறு ஓடுகிறது. பிரித்தானியருக்காகப் போரிட்ட ஹோடெனோஷோனி மக்களுக்கு 1784இல் அந்த ஆற்றின் இரு கரையிலும் ஆறு ஆறு மைல் நிலம், ஏறத்தாழ 9,50,000 ஏக்கர், வழங்கப்பட்டது. இன்று அவர்களிடம் இருப்பது 46,000 ஏக்கர் அளவுதான். மீதியின் கணக்கைக் கேட்டு 1995இல் போட்ட வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது.

1995 என்றதும் நமக்கு வேறு எதுவும் ஞாபகம் வராது. ஐப்பசி மழையில், ஒரே இரவில், யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தோம். தண்ணீர் இல்லாமல் குடையை மல்லாத்திப் பிடித்து மழைநீரைக் குழந்தைகளுக்குப் பருக்கினோம். அதே ஆண்டு பெப்ரவரியில், நாம் இன்று வாழும் இதே ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கில், நெஸ்காண்டகா என்ற முதற்குடிச் சமூகத்துக்கு ஓர் அறிவித்தல் வந்தது: குழாய்த் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்காதீர்கள். 2025 பெப்ரவரியில் அந்த அறிவித்தலுக்கு முப்பது வயது நிறைந்தது. அங்கே பிறந்த பிள்ளை வளர்ந்து, கலியாணம் செய்து, தானும் ஒரு பிள்ளை பெற்றுவிட்டது. குழாயில் நேரே வாய் வைத்துக் குடித்தது கிடையாது. நம் இடப்பெயர்வு ஆறு மாதத்தில் ஒரு பகுதியினருக்கேனும் முடிந்து ஊர் திரும்பினோம். பாதுகாப்பான தண்ணீரைக் கண்டம் விட்டுக் கண்டம் வந்து நாம் கண்டுவிட்டோம். இந்த மண்ணிலேயே இருந்தவர்கள் காணவில்லை.

ஒன்றுமே நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அந்த மக்களின் உழைப்பை அவமதிப்பது. 2008இல் நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். 2015இலிருந்து நீண்டகாலக் குடிநீர் எச்சரிக்கைகள் 140க்கு மேல் நீக்கப்பட்டிருக்கின்றன. 2019இல் பூர்வகுடி மொழிகளுக்கு ஒரு சட்டம் வந்தது. 2021இல் செப்டெம்பர் 30 உண்மைக்கும் நல்லிணக்கத்துக்குமான தேசிய நாளாயிற்று. ஆறு வயதில் பாட்டி வாங்கிக் கொடுத்த செம்மஞ்சள் சட்டையை முதல் நாளே பள்ளியில் பறிகொடுத்த ஃபிலிஸ் வெப்ஸ்டட் சொன்ன கதையிலிருந்து வளர்ந்த நாள் அது. சிறுவர் பராமரிப்பில் முதற்குடிப் பிள்ளைகளுக்குப் பாகுபாடு காட்டியதற்காக, சின்டி பிளாக்ஸ்டாக்கும் அவர் அமைப்பும் 2007இல் தொடங்கிய போராட்டத்தின் முடிவில், 2,300 கோடி டொலருக்கு மேல் இழப்பீட்டை 2023இல் நீதிமன்றம் அங்கீகரித்தது.

ஆனால் 94 அழைப்புகளில் எத்தனை முழுமையாக நிறைவேறின என்று ஆண்டுதோறும் எண்ணி வந்த, பூர்வகுடிகளின் ஆய்வு மையமான யெல்லோஹெட் நிறுவனத்தின் 2023 கணக்கில் வந்தது 13. அந்த ஒரு வருடத்தில் புதிதாக ஒன்றுகூட இல்லை. எவை எளிதில் நடந்தன என்று பார்த்தால் ஒரு நாளை அறிவிப்பது, ஒரு வசனத்தை மாற்றுவது போன்றவை. நிலமும், தண்ணீரும், பிள்ளைகளும் என்று வந்தால் தாமதம். 2021 குடிசன மதிப்பீட்டின்படி 15 வயதுக்குட்பட்ட கனேடியச் சிறுவர்களில் பூர்வகுடிகள் 7.7 வீதம். வளர்ப்பு வீடுகளில் இருக்கும் சிறுவர்களில் அவர்கள் 53.8 வீதம். பள்ளியை மூடினார்கள், பிள்ளைகளைப் பிரிப்பது நிற்கவில்லை. பூர்வகுடிகள் 18 இலட்சம் பேர் இருந்தும், தங்கள் மொழியில் உரையாடக்கூடியவர்கள் 2,37,000 பேரளவில்தான். பனியிலும் குளிரிலும் சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு இழுத்து வருகிற பெற்றோரே, அந்த எண்ணிக்கையை இன்னொரு தரம் வாசியுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2022 மே 18 அன்று கனேடிய நாடாளுமன்றம் தமிழின அழிப்பு நினைவு நாளை ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. அன்று நாம் அழுதோம், தொலைபேசியில் ஊருக்குச் சொன்னோம், இனிப்புக் கொடுத்தவர்களும் உண்டு. அதே ஆண்டு அக்டோபர் 27 அன்று, அதே அவை, வதிவிடப் பாடசாலைகளில் நடந்தது இனப்படுகொலை என்று ஒருமனதாக ஏற்றுக்கொண்டது. அன்று நம் வானொலிகளில் எது ஓடியது? நம் வாட்ஸ்அப் குழுக்களில் யார் அதைப் பகிர்ந்தோம்? எனக்கு ஒன்றுகூட வரவில்லை. நானும் ஒன்றும் அனுப்பவில்லை.

அதைவிட வேதனையான ஒன்று உண்டு. 2021 மேயில் கம்லூப்ஸ் வதிவிடப் பாடசாலை வளாகத்தில் ராடார் ஆய்வில் தெரிந்தவற்றைப் பற்றி நம்மவர்களே சிலர் இப்போது, "எலும்பு எங்கே? காட்டட்டும் பார்ப்போம்" என்று எழுதுகிறார்கள். ராடார் காட்டியவை சாத்தியமான புதைகுழிகள்தாம். தோண்டி உறுதி செய்யப்பட்டவை அல்ல. அதை நேர்மையாகவே சொல்ல வேண்டும். ஆனால் ஆவணங்களிலிருந்து எடுத்த இறந்த பிள்ளைகளின் பதிவேட்டில் 4,100க்கு மேற்பட்டோர் இருக்கிறார்கள். அதற்கு எந்த ராடாரும் தேவையில்லை. யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழிகளைப் பற்றி 1998இல் நீதிமன்றத்தில் ஒரு சிப்பாய் வாய் திறந்தபோது "எலும்பு எங்கே" என்று கேட்டவர்கள் யார் என்று நமக்கு நினைவிருக்கிறது. 2025இல் அதே செம்மணியில் ஒரு பிள்ளையின் எலும்புக்கூட்டோடு நீலநிறப் புத்தகப்பை வெளியே வந்தது. அந்தப் படத்தைப் பார்த்த கண்ணால், இங்கே பிள்ளையைத் தேடுகிறவர்களைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்கலாமா?

இரு கதையும் ஒன்றல்ல. நாம் இங்கே அகதியாக வந்தவர்கள். ஆனாலும் அவர்களிடமிருந்து எடுத்த நிலத்தில் வீடு கட்டி, வரி கட்டி, வாக்குப் போடுகிறவர்கள். நாடு என்று சொல்லும்போது இப்போது அதில் நாமும் அடக்கம். நல்லிணக்கம் என்பது வெள்ளையர்களுக்கும் பூர்வகுடிகளுக்கும் இடையிலான பழைய கணக்கு, நமக்கு அதில் வேலையில்லை என்று ஒதுங்குகிறவர்களுக்கு என் மருமகள் கை உயர்த்திச் சொன்ன அந்த வசனம்தான் பதில்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். வரும் செப்டெம்பர் 30க்கு முன்னர், உங்கள் சங்கம் நயாகராவுக்கு விடுகிற பேருந்தில் ஒன்றைப் பிரான்ட்ஃபோர்டுக்குத் திருப்புங்கள். முன்கூட்டியே அவர்களோடு பேசி, அவர்கள் கேட்கும் கட்டணத்தைக் கொடுத்து, அவர்கள் சொல்வதைக் கேட்கப் போக வேண்டும். பூங்கா பார்க்கப் போவதுபோல் வேண்டாம், சோற்றுப் பொதியை வீட்டில் வைத்துவிட்டு வரலாம். தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளர்களே, ஆறாம் ஏழாம் வகுப்புப் பாடத்தில் இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். 94 அழைப்புகளையும் தமிழாக்க நான் உட்பட ஐந்து ஆசிரியர்கள் கூலியில்லாமல் உட்காரத் தயார். தேர்தல் காலத்தில் வேட்பாளர்களை மண்டபத்துக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துகிறோமே, அப்போது ஐ.நா. விசாரணையைப் பற்றி நாம் கேட்கும் கேள்வியோடு இன்னும் இரண்டு கேளுங்கள்: நெஸ்காண்டகாவுக்குத் தண்ணீர் எப்போது? குடியுரிமைக் கையேட்டை எப்போது திருத்துவீர்கள்? நம் வாக்கு எண்ணிக்கை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஊரில் ஒரு கிணறு தோண்டக் காசு சேர்க்கத் தெரிந்த சங்கங்கள் இவை. தண்ணீரைப் பற்றிப் பேச நம்மைவிடப் பொருத்தமானவர்கள் இந்த நகரத்தில் யார்?

நில ஒப்புகையை இனித் தமிழில் வாசியுங்கள். அகவணக்கத்துக்கு எழுந்து நிற்கும் அதே சபை, உட்காருவதற்கு முன்னால் வாசியுங்கள். என் வகுப்புப் பிள்ளைகளோடு இருந்து எழுதிய படியைக் கீழே தருகிறேன். இது ஸ்காபரோவுக்கு எழுதியது. மொன்றியலிலோ வன்கூவரிலோ இருப்பவர்கள் அந்தந்த மண்ணின் மக்களைக் கேட்டு எழுத வேண்டும். பிழை இருந்தால் திருத்தித் தாருங்கள்.

"நாங்கள் கூடியிருக்கும் இந்த ஸ்காபரோ மண், அனிஷினாபே, ஹோடெனோஷோனி, வென்டாட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண். 1923ஆம் ஆண்டு வில்லியம்ஸ் ஒப்பந்தங்களின் பெயரால், மிசிசாகா, சிப்பேவா மக்களிடமிருந்து இந்த நிலமும் இந்த நீரில் மீன் பிடிக்கும் உரிமையும் எடுக்கப்பட்டன. அரசு மன்னிப்புக் கேட்க 95 ஆண்டுகள் ஆயின. எங்கள் ஊரை இழந்து நாங்கள் வந்து இறங்கியது அவர்களுடைய ஊரில். அவர்களின் பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளில் இறந்தார்கள். திரும்பி வந்தவர்கள் மொழி இழந்து வந்தார்கள். அவர்களுடைய உரிமைகளை மதிப்பதாக நாங்கள் கையுயர்த்திச் சத்தியம் செய்திருக்கிறோம்."

வாசித்துப் பார்த்தோம். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

அன்புடன்,
ஒரு தமிழ் ஆசிரியை
ஸ்காபரோ